இருபத்து மூன்றாம் கேள்வி

படிவத்தின் உச்சியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: ‘இது தேர்வு அல்ல. உங்கள் பெயரை எழுத வேண்டாம்.’ அதற்கு நேர் கீழே ஒரு கட்டம், துணை சுகாதார நிலையத்தின் பெயரை எழுதச் சொல்லி.

ஒரு துணை நிலையத்துக்கு ஒரே ஒரு நர்சம்மாதான். ‘ஊத்தாங்கரடு’ என்று எழுதினால் ‘ஜோதிலட்சுமி’ என்று எழுதினதுபோலத்தான். படிவம் அடித்தவர்கள் இதை யோசிக்கவில்லையா, இல்லை யோசித்துத்தான் போட்டார்களா என்று மாதக் கூட்டத்துக்கு வந்திருந்த இருபத்தாறு நர்சுகளுக்கும் விளங்கவில்லை. விளங்காத இடத்தில் பயம்தானே முதலில் வந்து உட்காரும்.

“பேரு வேணாமாம், ஊரு வேணுமாம்,” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. “மூஞ்சிய மூடிக்கிட்டு முதுகுல விலாசத்த ஒட்டிக்கிட்டுப் போற கதைதான்.”

சிரிப்பு எழுந்து அடங்கியது. முன்னால் நின்றுகொண்டிருந்த பெனடிக்ட்டும் சிரித்தான். பயிற்சி நிலையத்திலிருந்து அனுப்பப்பட்டிருந்த ஆள். முப்பது வயதுகூட இருக்காது. பேச்சில் மரியாதை இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் நேரே இரண்டு எண் போட வேண்டும் என்று விளக்கினான். இந்த வேலை உங்களுக்கு எவ்வளவு முக்கியம், ஒன்றிலிருந்து ஐந்துக்குள். இதை நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், அதற்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள். முக்கியம் ஐந்தும், செய்கிறது ஒன்றுமாக இருந்தால் அங்கேதான் பயிற்சி தேவை.

“உண்மையா எழுதுங்க சிஸ்டர். இது யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல. உங்களுக்கு என்ன கத்துக் குடுக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான்.”

அவன் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இருபது வருஷம், முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவர்கள். மேலேயிருந்து வந்த ஒவ்வொரு தாளும் அவர்களிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறது: யார் மேல் தப்பு? இந்தத் தாள் மட்டும் வேறு எதையோ கேட்கிறது என்றால் எப்படி நம்புவார்கள், சொல்லுங்கள். பேனாக்கள் கீழே இறங்கின. ஐந்து, ஐந்து, ஐந்து என்று ஏணிபோல இறங்கின.

“கடைசி நாலு கேள்வி கம்ப்யூட்டர் பத்தி இருக்கு. அதுல என்னக்கா போட?”

“அதுக்கு ஒண்ணு போடு. அது தெரியலன்னு மெமோ குடுக்கணும்னா பாதி ஆபீசுக்குல்ல குடுக்கணும்.”

மறுபடி சிரிப்பு. கம்ப்யூட்டருக்கு எல்லாரும் நிம்மதியாக ஒன்று போட்டார்கள். ஒன்றுமே தெரியாது என்று ஒரு இடத்திலாவது சொல்ல முடிந்ததில் ஒரு சுகம்கூட இருந்தது.

ஜோதிலட்சுமி இருபத்து மூன்றாம் கேள்வியில் நின்றுவிட்டாள்.

‘பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைக்குப் பையும் மாஸ்க்கும் வைத்து மூச்சுக் கொடுத்தல்.’

எவ்வளவு முக்கியம் என்ற இடத்தில் ஐந்து போட்டாள். எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள் என்ற இடத்தில் ஒன்று போட்டாள். எட்டு மாதமாக யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று இருந்தவளுக்கு, ஒரு தாள் வந்து கேட்டிருக்கிறது.

எட்டு மாதத்துக்கு முந்தி நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கேட்கிறவர்களுக்கும் மனசு இருக்கிறதல்லவா.

ஊத்தாங்கரடு தேவாரத்துக்கு மேற்கே, மலை இறங்கி வந்து கால் நீட்டின இடத்தில் இருக்கிறது. விடியும் முன்னே ஜீப்புகள் வந்து நிற்கும். ஊர்ப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் ஏறி, மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போனால் பொழுது சாயத்தான் இறங்குவார்கள். பகலில் நர்சம்மா வீடு வீடாகப் போனால் பூட்டுகளுக்குத்தான் தடுப்பூசி போட வேண்டும். அதனால் ஜோதிலட்சுமி ஜீப் நிற்கும் இடத்துக்கே போய்விடுவாள். ஜீப்பின் முன்மூடிதான் மேஜை. சோற்று வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டுவார்கள். ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையைக் கையில் திணித்து அனுப்புவாள். வயிறு தெரிந்தால் கங்காணி ஏற்ற மாட்டான் என்று பிள்ளைத்தாய்ச்சிகள் மேலே ஆம்பளைச் சட்டையைப் போட்டு மறைப்பார்கள். மாதத்தைக் குறைத்தும் சொல்வார்கள்.

மகாலட்சுமி அப்படித்தான் ஆறு மாதம் என்று சொல்லியிருந்தாள். இருபத்திரண்டு வயது, தலைப்பிள்ளை. எட்டு தாண்டியிருந்தது. கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம், மலை இறங்கும்போதே வலி கண்டு, டிரைவர் பொன்னுராஜ் ஊர் எல்லையிலிருந்தே ஹாரனை அமுக்கிக்கொண்டு வந்தான்.

“நர்சம்மா, பெரியாசுபத்திரி வரைக்கும் தாங்காது. இங்கனயே எறக்கிருதேன்.”

நூற்றெட்டுக்குச் சொல்லிவிட்டு இறக்கினார்கள். கால் மணி நேரத்தில் பிள்ளை வந்துவிட்டது. பெண். அழவில்லை. ஜோதிலட்சுமி துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள், வாயில் இருந்த சளியை உறிஞ்சி எடுத்தாள். அழவில்லை. ஆனால் தொப்புள்கொடியைப் பிடித்துப் பார்த்த இரண்டு விரலுக்கு நடுவில் துடிப்பு இருந்தது. நன்றாகவே இருந்தது. உள்ளே ஓர் உயிர் மூச்சுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

அலமாரியில் அம்பு பேக் இருந்தது. கையால் அமுக்கினால் பிள்ளையின் நெஞ்சுக்குள் காற்றை அனுப்புகிற அந்த ரப்பர் பை, இரண்டு வருஷத்துக்கு முந்தி வந்தது. பிரிக்காத கவரைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். மாஸ்க்கை அந்தச் சின்ன முகத்தில் வைத்து அமுக்கினாள். காற்று பக்கவாட்டில் புஸ்ஸென்று போனது. மாற்றி வைத்தாள். மறுபடி போனது. பிள்ளையின் நெஞ்சு ஏறவே இல்லை. விரலுக்குள் துடிப்பு மெதுவானது. இன்னும் மெதுவானது. பிறகு அது தன் விரலின் துடிப்பா, பிள்ளையின் துடிப்பா என்று தெரியாமல் போனது.

நூற்றெட்டில் வந்த பையன் பார்த்துவிட்டு, குற்றமாக இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னான். “மாஸ்க் பிடிப்பு சரியா அமையல போல சிஸ்டர். லீக் ஆயிருக்கு. பழகுனாத்தான் வரும்.”

பழகினால் வரும். அந்த இரண்டு வார்த்தையைத்தான் ஜோதிலட்சுமி எட்டு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தாள். கடவுள் எடுத்துக்கொண்டார் என்றால் அழுது ஓயலாம். பழகாததால் போனது என்றால் எங்கே போய் ஓய்வது?

மகாலட்சுமி இப்போது மறுபடி மூன்று மாதம். மறுபடி ஜீப்பில்தான் போய்க்கொண்டிருந்தாள். போன வாரம் கையை நீட்டிக்கொண்டே கேட்டாள். “இந்தத் தடவ ஒண்ணும் ஆகாதுல்ல நர்சம்மா?”

“ஆகாதுத்தா,” என்று ஜோதிலட்சுமி சொல்லியிருந்தாள். சொன்ன வாயோடுதான் இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

படிவங்களை வாங்கி அடுக்கினது சங்கிலியம்மாள். ஆறு துணை நிலையங்களுக்கு மேல்பார்வை பார்க்கிற பகுதி நர்சு. ஜோதிலட்சுமிக்கு இரண்டு வயது மூத்தவள். மார்கழியோடு ஓய்வு பெறப் போகிறவள். வாங்கின படிவத்தில் கண்ணை ஓட்டினவள், ஜோதிலட்சுமியின் முழங்கையைப் பிடித்து மருந்து அறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

“இதென்ன ஒண்ணு?”

“எனக்கு அது தெரியாதுக்கா. தெரியாதுன்னு போட்டேன்.”

“ஒனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா? எனக்கே தெரியாது. இந்த ஆபீசுல யாருக்குத்தா தெரியும்? அதுக்காக எழுதிக் குடுப்பியா?”

“அந்தத் தம்பி உண்மைய எழுதச் சொன்னாகல்ல.”

“சொன்னாக. நாளைக்கு அவுக மதுரைக்குப் பஸ் ஏறிப் போயிருவாக. நாமதான இங்கன கெடக்கணும்.” சங்கிலியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “சிசு மரண விசாரணையில நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா? இவ பேக் போட்டா, முறைப்படி மூச்சுக் குடுத்தா, நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொன்னேன். பேக் வந்த அன்னைக்கு ரிஜிஸ்டர்ல ‘செயல்விளக்கம் அளிக்கப்பட்டது’ன்னு எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன், நீயும் போட்ட. கவரையே பிரிக்கல. பிரிச்சா ஸ்டாக்குல பழசு ஆயிரும்னு நீதான சொன்ன.”

ஜோதிலட்சுமி தலை குனிந்தாள். அது அப்படித்தான் நடந்தது. எந்தச் சாமான் வந்தாலும் அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். இருபத்தாறு நிலையங்களிலும் அந்த வரி இருக்கிறது. அவள் பல்லால் கடித்துப் பிரித்த ஒன்றைத் தவிர, மற்ற இருபத்தைந்து கவர்களும் பிரிக்காமல் இருக்கின்றன.

“ஒன்னக் காப்பாத்தத்தான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன். இப்ப நீ ஒண்ணுன்னு எழுதிக் குடுத்தா, அந்த ஃபைல எடுத்து ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்க எவ்வளவு நேரமாகும்? நான் பொய் சொன்னவளா வெளிய போணுமா? முப்பத்தஞ்சு வருசம் ஜோதி. என் வீட்டுக்காரரு படுக்கையில கெடக்காரு.”

மிரட்டலாக அவள் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. ஜோதிலட்சுமிக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரசவம் பார்க்கக் கை கூசினபோது, பக்கத்தில் நின்று ஒவ்வொரு விரலாக எடுத்து வைத்துக் காட்டினவள் இவள்தான். விசாரணை நடந்த அன்று வெளியே மரத்தடியில் உட்கார்ந்து அவளுக்காக ஜெபமாலை இல்லாத குறையாக வேண்டிக்கொண்டிருந்தவளும் இவள்தான்.

“மத்தவுக எல்லாரும் அஞ்சு போட்டிருக்காக. நீ ஒருத்தி மட்டும் ஒண்ணு போட்டா பயிற்சி வந்துருமா? வராது. ஒனக்கு மெமோதான் வரும்.”

பேனாவை அவளே நீட்டினாள்.

ஒன்றை ஐந்தாக்குவது சுலபம் இல்லை, பாருங்கள். அடித்து எழுதினால் அடித்தது தெரியும். அதனால் சங்கிலியம்மாள் புதுப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தாள். ஜோதிலட்சுமி மருந்துப் பெட்டி மேல் வைத்து முதலிலிருந்து முப்பத்திரண்டு கேள்விக்கும் எழுதினாள். இருபத்து மூன்றாவதில் ஐந்து போட்டாள். பழைய படிவத்தைச் சங்கிலியம்மாள் நான்காகக் கிழித்து பழைய ஊசிகளை எறியும் குப்பைத் தொட்டிக்குள் போட்டாள்.

புரட்டாசியில் உத்தரவு வந்தது. பயிற்சித் தேவை அறிவியல் முறையில் கண்டறியப்பட்டது என்றும், அதன்படி வட்டாரத்தின் எல்லா நர்சுகளுக்கும் பெரியகுளத்தில் இரண்டு நாள் கணினிப் பதிவுப் பயிற்சி என்றும் இருந்தது.

பெரியகுளத்துக் கூடத்தில் மின்விசிறி நன்றாகச் சுற்றியது. சாப்பாடும் நன்றாக இருந்தது. நர்சுகள் திரையில் அம்புக்குறியைத் துரத்திக்கொண்டு ஒருவரையொருவர் கேலி செய்தார்கள். “ஏண்டி, எலிய அமுக்கச் சொன்னா நசுக்குற,” என்று ஒருத்தி சொல்ல, கூடமே குலுங்கியது. பாவம், வருஷத்தில் இரண்டு நாள்தான் அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

மத்தியானம் ஜோதிலட்சுமி பெனடிக்ட்டிடம் போனாள். அவன் எழுந்து நின்று நாற்காலியைத் தள்ளிப்போட்டான்.

“தம்பி, பச்சப்புள்ளைக்கு மூச்சுக் குடுக்குற பயிற்சி எப்ப வரும்?”

அவன் கணினியைத் திருப்பிக் காட்டினான். வரிசையாகக் கோடுகள். இருபத்து மூன்றாவதுக்கு நேரே இரண்டு கோடும் ஒரே நீளத்துக்கு, அக்கா தங்கைபோல நின்றன.

“உங்க வட்டாரத்துல அதுக்குத் தேவையே இல்லம்மா. முக்கியம் அஞ்சு, திறமையும் அஞ்சு. எல்லா சென்டரும். நானே ஆச்சரியப்பட்டேன். மாவட்டத்துலயே நல்ல ஸ்கோர்.”

“அது பொய் தம்பி.”

அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்; சங்கிலியம்மாளின் பெயரை மட்டும் சொல்லவில்லை. விரலுக்கு நடுவில் துடித்ததைச் சொன்னாள். பெனடிக்ட் பேனாவை மூடி, திறந்து, மூடினான்.

“மூச்சுக் குடுத்துப் பழகுற பொம்மை மொத்தம் நாலுதாம்மா இருக்கு. தேவை அதிகம்னு வந்த வேற மாவட்டத்துக்கு எல்லாம் போயாச்சு. டிரெய்னரும் அங்கதான் இருக்காங்க. அறிக்கை மேல போயிருச்சு. இப்ப நான் மாத்தணும்னா, உங்க இருபத்தாறு பேரும் பொய் எழுதுனாங்கன்னு எழுதிக் குடுக்கணும்.” மூடின பேனாவைத் திறந்தான். “எழுதட்டுமா?”

அவன் கேலியாகக் கேட்கவில்லை. எழுதச் சொன்னால் எழுதியிருப்பான். ஜோதிலட்சுமி திரும்பிப் பார்த்தாள். சங்கிலியம்மாள் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு, ஒற்றை விரலால் தன் ஊர்ப் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“வேணாம் தம்பி. அடுத்தது எப்ப?”

“மூணு வருசம் கழிச்சு.”

அவளுக்கு ஓய்வு பெற இரண்டரை வருஷம் இருந்தது. மகாலட்சுமிக்குத் தை மாதம் தேதி.

ஐப்பசியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஜோதிலட்சுமி ஞானசெல்வியைத் தேடிப் போனாள். ஞானசெல்வி உத்தமபாளையம் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்க்காரி. ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தவர்கள். இப்போது ஒரு அரசு ஆசுபத்திரியில் பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்சு.

“ஆர்டர் இல்லாம நான் ஒங்கள எதையும் தொட விட முடியாதுக்கா. பொம்ம ஒண்ணு இருக்கு, அலமாரியில பூட்டி. சாவி வச்சிருந்த டாக்டர் மாத்தலாகிப் போயிட்டாக, சாவியோட.” ஞானசெல்வி வருத்தத்தோடு சிரித்தாள். “ஒண்ணு செய்யலாம். வார்டுல ஓரமா நில்லுங்க. அழாத புள்ள ஏதாவது வந்துச்சுன்னா, நான் பேக் போடுறப்ப கிட்டக்க வந்து என் கைய மட்டும் பாருங்க. மாஸ்க்க எப்படிப் பிடிக்கேன், தாடைய எப்படித் தூக்குறேன்னு ஒரு தடவ பாத்தாப் போதும். வாயால சொன்னா வராது.”

பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு ஜோதிலட்சுமி சுவரோரம் நின்றாள்.

காலை எட்டரைக்கு ஒரு பிள்ளை. வெளியே வந்ததும் அழுதது. ஒன்பதே முக்காலுக்கு ஒன்று. அது வரும்போதே கத்திக்கொண்டு வந்தது. பதினொன்றுக்கு இரட்டை. இரண்டாவது கொஞ்சம் தாமதித்தது. ஜோதிலட்சுமி ஓரடி முன்னால் வந்தாள். அதுவும் அழுதது. “ஆளு சின்னதா இருந்தாலும் தொண்டையப் பாருங்க,” என்று ஞானசெல்வி சிரித்தாள். ஜோதிலட்சுமியும் சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடி சுவரோரம் போய் நின்றாள்.

சாப்பிடப் போகவில்லை. போன நேரத்தில் வந்துவிட்டால்?

இரண்டு மணிக்குப் பிறகு போடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வெகு நேரமாக வலி. டாக்டரம்மா முகம் மாறியது. பிள்ளை வந்தபோது கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. நீலமாக, துணிபோலத் துவண்டு வந்தது. கொடியை வெட்டினார்கள். அழவில்லை. ஞானசெல்வி ஒரே பாய்ச்சலில் பிள்ளையை வெதுவெதுப்பான மேஜைக்குக் கொண்டுபோய், துடைத்து, கழுத்தைச் சரித்து வைத்து, இடது கையை மாஸ்க் பக்கம் நீட்டினாள். “அக்கா, வாங்க.”

ஜோதிலட்சுமி ஓடினாள். கண்ணை அந்தக் கையில் பதித்தாள். மாஸ்க் முகத்துக்கு வர நான்கு விரற்கடை இருக்கும்போது பிள்ளை ஒரு தும்மல் போட்டு, முகத்தைச் சுருக்கி, வீறிட்டது.

“அப்பாடா,” என்றாள் டாக்டரம்மா. வார்டு முழுக்க மூச்சு விட்டது. பிள்ளையின் நிறம் நீலத்திலிருந்து சிவப்புக்கு ஏறியது. ஞானசெல்வி மாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டாள்.

ஜோதிலட்சுமிக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ சட்டென்று கீழே இறங்கினது. என்ன அது என்று ஒரு நிமிஷம் அவளுக்கே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஏமாற்றம். பிள்ளை அழுதுவிட்டதே என்ற ஏமாற்றம்.

முப்பத்து மூன்று வருஷமாகப் பிள்ளை அழுவதைக் கேட்கக் காத்திருந்த காது. அது இன்று காலையிலிருந்து அழாத பிள்ளை ஒன்றுக்காகக் காத்திருக்கிறது.

அங்கியைக் கழற்றினாள்.

“அக்கா, இன்னும் ரெண்டு கேஸ் உள்ள இருக்கு. ஒண்ணு எட்டு மாசம்தான், பாக்கலாம். சாயங்காலம் வரைக்கும் இருங்க.”

“வேணாம் ஞானம். என்னால இங்கன நிக்க முடியாது.”

“என்னக்கா ஆச்சு?”

ஜோதிலட்சுமி அங்கியை மடித்து அவள் கையில் கொடுத்தாள். எப்படிச் சொல்வது? நடையில் வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த போடிக்காரப் பெண்ணின் தாய், அழுத கண்ணும் சிரித்த வாயுமாக, முந்தானையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“பேரன். ஆத்தா, செத்துப் பொழச்சு வந்திருக்கான். நீங்க எந்தப் புள்ளைக்கு வந்திருக்கீக?”

“இன்னும் பொறக்கல,” என்றாள் ஜோதிலட்சுமி.

“பொறந்துரும், பொறந்துரும். ஒக்காருங்க,” என்று அந்த அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அவள் உட்காரவில்லை. தேவாரம் பஸ் நான்கு மணிக்கு. அதைப் பிடித்தால் ஜீப்புகள் இறங்குகிற நேரத்துக்கு ஊருக்குப் போய்விடலாம். போய் என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள்.